பதினொரு முறை கொடுத்த பக்கம்

இரண்டு கம்ப்யூட்டர்களும் லேத் பட்டறைக்கும் பெயிண்ட் அடிக்கும் கொட்டகைக்கும் நடுவிலிருந்த அறையில் இருந்தன. ஒன்றில் விண்டோஸ், மற்றதில் லினக்ஸ். வேலை இல்லாத நேரத்தில் இரண்டின் மேலும் பழைய வேட்டித் துணி கிடக்கும். கோவில்பட்டியில் காற்றடிக்கும் மாதங்களில் கரிசல் தூள் எல்லா இடுக்கிலும் புகும். எங்கள் அறையில் அதோடு இரும்புத் தூளும் சேர்ந்து, கீபோர்டைத் தட்டினால் மேஜையில் கறுப்பாக மினுங்கும். 2003-ஆம் வருடம் மூன்று வாரங்கள் அந்த இரண்டையும் பக்கம் பக்கமாக ஓட்டிப் பார்த்தோம். எங்கள் மெஷின்களின் மேனுவலை இணையத்தில் வைப்பதற்கு எந்த சர்வர் மென்பொருள் சரிப்படும் என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது.

அதற்கு முன் ஒன்பது ஆண்டுகள் ஒரு நாளிதழுக்கு அந்த வட்டாரத்திலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். மழை பொய்த்தது, பஸ் கவிழ்ந்தது, தீப்பெட்டி ஆபீசில் தீப்பிடித்தது ஆகியவையே பெரும்பாலும் என் செய்திகள். எங்கள் ஊர்ப்பக்கம் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, தீப்பெட்டி ஆபீஸ்தான். பத்திரிகை வட்டார நிருபர்களைக் குறைத்தபோது நானும் குறைந்தேன். தீப்பெட்டித் தொழிலுக்கு மெஷின் செய்து விற்கும் பட்டறை ஒன்றில் மேனுவல் எழுத ஆள் கேட்டார்கள். தமிழில் தெளிவாக எழுதத் தெரிந்தால் போதும், மெஷினைப் பற்றி ஃபிட்டர் சொல்லிக்கொடுப்பார் என்றார்கள். சேர்ந்தேன்.

முக்கியமான மெஷின் குச்சி அடுக்குவது. மருந்தில் முக்குவதற்கு முன் குச்சிகளை ஒவ்வொன்றாகச் சட்டத்தில் அடுக்க வேண்டும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கையால் செய்துவந்த வேலை அது. எங்கள் மெஷினில் ஒரு தட்டு குலுங்கும், குச்சிகள் பள்ளங்களில் விழும், ஓர் இரும்புப் பலகை முன்னால் வந்து அவற்றைச் சட்டத்துக்குள் தள்ளும். பக்கவாட்டில் கனமான சக்கரம் ஒன்று சுழலும். வளைந்த குச்சி ஒன்று வந்தால் சிக்கிக்கொள்ளும். அப்போது மூடியைத் திறந்து எடுத்துவிட வேண்டும். ஒரு நாளில் இருபது முப்பது தடவை சிக்கும்.

ஃபிட்டர் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மெஷினில் எதையாவது மாற்றுவார். நான் எழுதிய புத்தகம் அச்சகத்திலிருந்து வருவதற்குள் பழசாகிவிடும். முதலாளி சென்னையில் ஒரு கண்காட்சிக்குப் போய்விட்டு வந்து, எல்லாவற்றையும் இணையத்தில் வைத்துவிடலாம் என்றார்.

"புக்கு வாரதுக்குள்ள மெஷினு மாறிப்போவுது. இன்டர்நெட்டுல போட்டா நெனச்ச நேரம் மாத்திக்கிடலாம்லா. ரிப்போர்ட்டரே, என்ன சொல்லுதீரு?"

பட்டறையில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரிப்போர்ட்டர் என்பதுதான் பெயர். முதலாளி கூப்பிடும்போது அதில் கொஞ்சம் கேலி இருக்கும்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த ஓர் இளைஞர் எங்களுக்கு சிஸ்டம் வேலைகளைச் செய்து கொடுத்தார். சர்வர் மெஷினைப் பட்டறையிலேயே, தன் கண் முன்னால் வைக்க வேண்டும் என்றார் முதலாளி. எங்கள் தொலைபேசி லைன் அதைத் தாங்காது என்று அவரை நம்பவைக்க சிஸ்டம்காரர் இரண்டு நாள் பேசினார். கடைசியில் சென்னையில் ஒரு மெஷினை வாடகைக்கு எடுப்பது, அதில் என்ன போடுவது என்பதை இங்கே சோதித்து முடிவு செய்வது என்று ஆயிற்று.

சோதனையை ஒழுங்காகச் செய்தோம். ஒரே பக்கங்களை இரண்டிலும் வைத்தோம். மோடம் வழியாக எது எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கினோம். விண்டோஸ் சீக்கிரம் எழுந்தது, ஆனால் ஒரு தடவை கடைசி அரைமணி நேரப் பதிவுகளை இழந்திருந்தது. லினக்ஸ் எழுந்திருக்க நெடுநேரம் ஹார்ட் டிஸ்கைச் சரிபார்த்தது, ஆனால் எதையும் இழக்கவில்லை. தமிழ் எழுத்து இரண்டிலுமே ஒரே பிரச்சினைதான். பார்ப்பவர் கம்ப்யூட்டரில் எங்கள் எழுத்துரு இல்லையென்றால் வெறும் கட்டங்கள் தெரியும். அதனால் எல்லாவற்றையும் பி.டி.எஃப். ஆக்கினோம். பி.டி.எஃப். என்றால் எல்லோரும் அச்செடுத்துத்தான் படிப்பார்கள் என்பது அப்போதே தெரிந்ததுதான்.

எனக்கு வேறொரு விருப்பம் இருந்தது. ஒரு பக்கத்தை மாற்றினால் பழைய பக்கமும் கூடவே நிற்கும்படியும், எந்தத் தேதியில் எந்த வரி மாறியது என்று மேலேயே காட்டும்படியும் ஒரு மென்பொருள் இருந்தது. சிஸ்டம்காரர் அதையும் லினக்ஸில் ஏற்றிக் காட்டினார். மூன்றையும் முதலாளி முன்னால் வைத்தோம். அவர் வேகத்தைக் கேட்கவில்லை, பிளக்கைப் பிடுங்கிய கதையையும் கேட்கவில்லை.

"எவன் பாத்தான், எவன் பாக்கலன்னு இதுல எது சொல்லும்?"

சிஸ்டம்காரர் லாக் என்கிற பதிவேட்டைத் திறந்தார். யாராவது ஒரு பக்கத்தைக் கேட்டால் சர்வர் அதில் ஒரு வரி எழுதும். எங்கிருந்து கேட்டார்கள், நாள், நேரம், எந்தப் பக்கம், கடைசியில் இருநூறு என்ற எண். பக்கத்தை முழுமையாகக் கொடுத்துவிட்டேன் என்பதற்கு அந்த எண்.

"இது வெறும் நம்பரா இருக்கு. ஆளு பேரு எங்க?"

"பிரவுசிங் சென்டரு நம்பரு அண்ணாச்சி. உள்ள உக்காந்திருக்கது யாருன்னு அதுக்குத் தெரியாது."

"அப்ப என்ன மயித்துக்கு அது? பேரு வரணும்."

"மெஷினு வாங்குன ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு பேரும் பாஸ்வேர்டும் குடுத்துட்டா வந்துரும். லினக்ஸ்ல ஒரே ஒரு ஃபைல்ல எல்லாத்தையும் எழுதிப்போட்டா போதும், லாக்குல பேரே விழும். விண்டோஸ்ல அம்புட்டு பேருக்கும் அந்த மெஷின்லயே தனித்தனியா யூசர் உண்டாக்கணும். பெரிய பாடு."

"லினக்ஸயே போடு. நாளைக்கு ஒருத்தன் வந்து, எங்கிட்ட சொல்லவே இல்லயேன்னு வாசல்ல நிப்பான். அப்ப எடுத்துக் காட்டணும்."

சர்வர் மென்பொருளைத் தேர்ந்தெடுத்தது அந்த ஒரு காரணத்துக்காகத்தான். பழைய பக்கங்களை வைத்திருக்கும் மென்பொருளைப் பற்றி நான் பேசினேன். அவர் சிரித்தார்.

"பேப்பர்ல தப்பா எழுதிட்டு மறுநாளு திருத்தம்னு ஒரு மூலையில பொடி எழுத்துல போடுவீரே, அதையா இங்கன கொண்டு வாரீரு? நம்ம தப்ப நாமளே சேத்து வைக்கவா? பழசு இருந்த எடத்துல புதுசு இருக்கட்டும். பழசுன்னு ஒண்ணு இருந்ததாவே தெரிய வேண்டாம்."

நான் ஒரு முறைதான் வாதாடினேன்.

ஆவணியில் மேனுவல் இணையத்துக்குப் போயிற்று. அந்த மாதமே புதூர் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீசுக்கு மெஷின் போனது. அந்தப் பக்கம் மானாவாரி நிலம்தான். மழை இல்லாத வருடத்தில் ஆட்டை ஓட்டுவார்கள், அல்லது ஆபீஸ் வேனில் ஏறி வேலைக்கு வருவார்கள். மெஷினை ஓட்டுவதற்கு நாங்கள் பழக்கிய பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அந்த ஆபீசின் மேனேஜர் கோவில்பட்டி வந்து, பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, இயக்கும் முறைப் பக்கத்தை அச்செடுத்துப் போய் மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தார். அந்தப் பெண் அதை மனப்பாடமாகச் சொன்னார். நான் எழுதிய ஒன்றை வேறொருவர் மனப்பாடமாகச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆயுத பூஜைக்குக் கூப்பிட்டிருந்தார்கள், போனேன். சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு. மேனுவல் தாளைப் புதிதாக அச்செடுத்து ஒட்டியிருந்தார்கள். அந்தப் பெண் சந்தனத்தையும் குங்குமத்தையும் எடுத்துச் சக்கரத்துக்கு வைத்தார், மோட்டாருக்கு வைத்தார், சுவிட்சுப் பெட்டிக்கு வைத்தார். பிறகு எட்டி, சுவரிலிருந்த தாளுக்கும் வைத்தார்.

"தாளுக்குமாம்மா?" என்றேன்.

"பின்ன? இதப் பாத்துதான சார் ஓட்டுதேன். மெஷினுக்கு வச்சிட்டு இத விட்டா எப்படி?"

பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி, "ஏட்டி, எழுதுன சாரு நெத்தி வெறுசா கெடக்கு பாரு. அங்கனயும் ஒண்ணு வச்சு விடு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பொரி கொடுத்தார்கள். கிளம்பும்போது மேனேஜர் சொன்னார்: "இனி அடுத்த பூசைக்குத்தான் சார் செவுத்துல கை வைப்போம். வெள்ளையடிச்சு, பழசெல்லாம் எடுத்து, புதுசு ஒட்டுவோம். பொட்டு வச்சத நடுவுல எடுக்கது கெடயாது."

பொட்டு விழுந்திருந்தது நான்காவது வரியின் ஓரத்தில். அந்த வரி: "சுவிட்சை அணைத்து, மூடியைத் திறந்து, சிக்கிய குச்சிகளைக் கையால் எடுக்கவும்."

மார்கழியில் எங்கள் ஃபிட்டர் பசுவந்தனைப் பக்கம் ஒரு மெஷினைப் பழுது பார்க்கப் போய்விட்டுத் திரும்பினார். வந்ததும் நேராக என் மேஜைக்கு வந்தார். ஆவணியில் அவர் சக்கரத்தைக் கனமாக்கியிருந்தார். சுவிட்சை அணைத்த பிறகும் அந்தக் கனம் சில நேரம் சக்கரத்தை இன்னும் ஒரு சுற்று சுற்றவைக்கிறது. அந்தச் சுற்றில் பலகை முழு வேகத்தோடு ஒரு தடவை முன்னால் வருகிறது. மூடி திறந்திருந்தாலும் வரும்.

"நாலாவது வரிய மாத்தும்" என்றார். "கைய உள்ள விட்டா போச்சு."

அரைமணி நேரத்தில் மாற்றினேன். "சுவிட்சை அணைத்த பின், சக்கரம் முழுவதும் நிற்கும்வரை காத்திருக்கவும். மெஷினோடு கொடுத்த பூட்டுக் கம்பியைச் சக்கரத்தில் செருகவும். அதன் பிறகே மூடியைத் திறக்கவும்." தலைப்பு அதேதான், படமும் அதேதான். இணையத்தில் பக்கத்தின் முகவரியும் மாறவில்லை. மேலே ஒரு கட்டம் போட்டு, "இந்தப் பக்கத்தில் நான்காவது வரி மாற்றப்பட்டுள்ளது. பழைய தாளைக் கிழித்துவிடவும்" என்று எழுதினேன். முதலாளியிடம் காட்டியபோது அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"இத எடும். கிழிச்சுப் போடுன்னு நாம சொன்னா, வித்த மெஷினு எல்லாத்துலயும் கோளாறுன்னு நெனப்பான். பாதிப் பேரு திருப்பிக் கொண்டாந்து எறக்கிருவான்."

"மாறினது தெரியாட்டா யாரும் மறுபடி படிக்க மாட்டாங்க அண்ணாச்சி."

"படிக்க வைப்போம். யாரு உள்ள வந்தாலும் மொதல்ல இந்தப் பக்கந்தான் தொறக்கணும்னு பண்ணச் சொல்லும். பாத்துட்டுத்தான மத்தத பாக்கணும்? லாக்குல விழுந்துரும்."

சிஸ்டம்காரர் மறுநாளே அப்படிச் செய்தார். கட்டத்தை நான் எடுத்துவிட்டேன்.

மெஷின் வாங்கியவர்களின் தொலைபேசி எண்கள் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரே தாளில் இருந்தன. எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்ல ஒரு காலைப்பொழுது போதும். நான் கூப்பிடவில்லை. கூப்பிடக் கூடாது என்று யாரும் சொல்லவுமில்லை.

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிவாக்கில் புதூரிலிருந்து போன் வந்தது. அந்தப் பெண்ணின் வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். முதலாளி என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பவில்லை. புதூருக்கு அனுப்பினார். சுவரில் என்ன இருக்கிறது என்று பார்த்துவரச் சொன்னார்.

தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். மெஷினின் மூடி திறந்தபடி இருந்தது. சுவரில் ஆயுத பூஜைத் தாள் அப்படியே இருந்தது. சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது, குங்குமம் மட்டும் நிறம் மங்கித் தாளோடு ஊறியிருந்தது. மேனேஜர் மேஜை இழுப்பறையைத் திறந்து இன்னொரு தாளை எடுத்தார். புதிய பக்கம். மடித்தபடியே வைத்திருந்தார்.

"தை மாசமே எடுத்துட்டேன் சார். ஒரு ஸ்பேர் நம்பர் பாக்கப் போனேன், இதுதான் மொதல்ல வந்துச்சு. சரின்னு அச்செடுத்தேன். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தேன். அதே படம், அதே தலைப்பு. என்ன பெரிசா மாறியிருக்கப்போவுது, பொட்டு வச்ச தாள எதுக்கு நடுவுல எடுக்கன்னு..." தாளை மறுபடி மடித்தார். "பூசைக்கு மாத்திக்கிடலாம்னு வச்சிருந்தேன் சார். உங்க தாளுல கிழின்னு ஒரு வார்த்த போட்டிருக்கலாம்லா?"

சுவரில் இருப்பது பழைய தாள் என்று திரும்பி வந்து முதலாளியிடம் சொன்னேன். அவர் முகம் தெளிந்தது.

வைகாசியில் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நஷ்ட ஈட்டை யார் கொடுப்பது என்பதுதான் கேள்வி. மெஷினைச் செய்தவர்கள் தவறாகச் சொல்லிக்கொடுத்தார்களா, ஆபீஸ்காரர்கள் சொன்னதைச் செய்யவில்லையா, ஓட்டியவர் கவனக்குறைவா? மூன்றாவதாக இருந்தால் அந்தப் பெண்ணுக்குக் கிடைப்பது மிகக் குறைவாக இருக்கும். விரல் போன கையோடு அவருக்கு வேறு எந்த வேலையும் கிடைக்கப்போவதில்லை என்பது அறையிலிருந்த எல்லோருக்கும் தெரியும். குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் விரல்தான் வேண்டும்.

சிஸ்டம்காரர் அந்த யூனிட்டின் பெயர் உள்ள வரிகளை மட்டும் பதிவேட்டிலிருந்து பிரித்து அச்செடுத்துக் கொடுத்திருந்தார். பக்கம் மாறிய நாளிலிருந்து விபத்து நடந்த நாள்வரை பதினொரு வரிகள். பதினொன்றிலும் அந்தப் பக்கத்தின் பெயர், பதினொன்றின் கடைசியிலும் இருநூறு. மேனுவலுக்குப் பொறுப்பானவன் என்ற முறையில் கீழே நான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

அதிகாரி வரி வரியாகப் பார்த்தார். களைத்த முகமுள்ள மனிதர், கேள்விகளைக் குறைவாகக் கேட்டார்.

"இது அசல் பதிவுதானா?"

"ஆமாம் சார்."

"நடுவுல யாரும் எதுவும் சேக்கலியே?"

"இல்ல சார்."

இரண்டும் உண்மை. செய்தி எழுதிய காலத்தில் ஓர் ஊரில் எத்தனை பத்திரிகை இறங்குகிறது என்ற கணக்கு எங்களுக்குத் தெரியும். எத்தனை பேர் படித்தார்கள் என்பது அதில் இருக்காது என்பதும் தெரியும். அந்தப் பதினொரு வரிகளும் அப்படித்தான். ஆனால் அவர் அதைக் கேட்கவில்லை.

அந்தப் பெண் சுவரோரப் பெஞ்சில் இருந்தார். வலது கை சேலைத் தலைப்புக்குள் இருந்தது. இடது கையால் மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து, முழங்காலில் வைத்து நீவி, மேஜைக்குக் கொண்டுவந்தார். குங்குமம் இருந்த தாள். நான்கு மூலையிலும் சுவர்ச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. பொட்டு வைத்த தாளைப் பூஜைக்கு முன்பே சுவரிலிருந்து எடுத்திருந்தார்கள்.

"இதுல போட்டிருக்க மாதிரிதான் சார் செஞ்சேன். சுச்ச அணைச்சேன், மூடியத் தொறந்தேன், குச்சிய எடுத்தேன். ஒண்ணுகூட நானா செய்யல."

அதிகாரி தாளை என் பக்கம் திருப்பினார். "இது உங்க தாள்தானா?"

"எங்க தாள்தான் சார்" என்றேன். முதலாளி என்னைப் பார்த்தார். "பழைய தாள்" என்று சேர்த்தேன்.

அந்த வார்த்தையை அதிகாரி எழுதிக்கொண்டார். எழுதுவது எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. புதிய பக்கம் பதினொரு முறை வழங்கப்பட்டிருந்தும் பழைய தாளைப் பின்பற்றியதால் என்று எழுதினார். புதியது எது, பழையது எது என்று தாளில் எங்கேயும் போடவில்லை என்பதை அவர் கேட்கவில்லை. ஒரு கட்டம் இருந்தது, அதை எடுத்துவிட்டோம் என்பதையும் கேட்கவில்லை. முன்பெல்லாம் அதிகாரிகள் கேட்காததை எழுதுவதுதான் என் வேலையாக இருந்தது. அன்று மேஜையின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். என் சம்பளம் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் கொடுப்பது.

பட்டறையின் மேல் தவறில்லை என்று முடிந்தது. ஆபீஸ்காரரும் அந்தப் பெண்ணும் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். என்ன தீர்ந்தது என்று எனக்குத் தெரியாது. பெரிதாக ஒன்றும் இல்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

வெளியே வேப்பமர நிழலில் அந்தப் பெண் நின்றிருந்தார். முதலாளி கார் எடுக்கப் போயிருந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன்.

"சார், அந்தத் தாள அவியளே வச்சிக்கிட்டாவ. திருப்பித் தருவாவளா?"

"ஃபைல்ல சேத்துருவாங்கம்மா. தர மாட்டாங்க."

"பொட்டு வச்சது. கண்ட எடத்துல போட்டுறாம இருந்தா சரி." ரோட்டைப் பார்த்தவர் என் பக்கம் திரும்பினார். "புதுசு புதுசுன்னு உள்ள எல்லாரும் சொன்னியளே, அதுல என்ன சார் போட்டிருக்கு? எங்கிட்ட யாரும் வாசிச்சுக் காட்டல."

சொன்னேன். சுவிட்சை அணைத்த பிறகு சக்கரம் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். கம்பியைச் செருக வேண்டும். அதற்குப் பிறகுதான் திறக்க வேண்டும்.

"எம்புட்டு நேரம் நிக்கணும்?"

"சக்கரம் நிக்க ஏழெட்டு செகண்டு ஆகும்."

அவர் இடது கையால் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

"நின்னிருப்பேனே சார்" என்றார்.

முதலாளியின் கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. நான் ஏறிக்கொண்டேன்.